கடல் மேடைகளை யார் கட்டுவது? உள்ளூர்த் திறன் பற்றிய ஐம்பதாண்டு வாதம்

1974 பிப்ரவரியில் மும்பைக்கு மேற்கே கடலடியில் எண்ணெய் இருப்பது உறுதியானது. அதைத் துளையிட்டுக் கண்ட ‘சாகர் சாம்ராட்’ ஜப்பானில் கட்டப்பட்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கியபோதும், நடுக்கடலில் பல பத்தாண்டுகள் நிற்க வேண்டிய எஃகு மேடையைக் கட்டிய அனுபவம் இந்தியப் பட்டறைகளுக்கு இருக்கவில்லை. இதை நாமே கட்ட முடியுமா? கட்டலாம் என்றால், வெளிநாட்டு விலையைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுத்துக் கட்டலாம்? அன்று டெல்லியிலும் மும்பையிலும் எழுந்த இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொல்லியிருக்கிறது.

விழுப்புரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாவட்டத்துக்குத் தெற்கே காவிரிப் படுகைக் கடலில் உள்ள பிஒய்-1 வயலில் ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் நிறுவனம் மேடை அமைத்து, 2009 நவம்பரில் எரிவாயு எடுக்கத் தொடங்கியது. அந்த வாயு கடலடிக் குழாய் வழியே தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பிள்ளைப்பெருமாள்நல்லூரில் கரையேறுகிறது. 2018இல் திறந்த ஏலத்தின் முதல் சுற்றில் வேதாந்தா பெற்ற இரண்டு காவிரிப் படுகைத் தொகுதிகளில் ஒன்று மரக்காணம் கடற்பகுதியில் தொடங்கிக் கடலூர்ப் பக்கம் நீள்கிறது. வளம் இந்தக் கடலில் இருக்கலாம் என்றால், வேலையும் இந்தக் கரைக்கு வருமா என்று திண்டிவனம், விழுப்புரத்து இளைஞர்கள் கேட்பது இயல்பு. இதுவரை சொல்லப்பட்ட விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறின என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடைக்குள் இருக்கும் வேலைகள்

ஆழம் குறைந்த கடலில் நிற்கும் மேடைக்கு இரண்டு பகுதிகள். நீருக்குள் நிற்கும் குழாய்ச் சட்டகத்தை ஜாக்கெட் என்பார்கள். அதன் கால்கள் வழியே கடல்தரையில் பைல்கள் அடிக்கப்படும். மேலே கிணற்றுத் தலைகளும் குழாய்களும் கருவிகளும் கொண்ட டாப்சைடு உட்காரும்.

தடித்த எஃகுத் தகட்டைச் சுருட்டிக் குழாயாக்குவதைப் பல ஊர்களில் செய்யலாம். சாய்வாக வந்து சேரும் இரு குழாய்களின் மூட்டைப் பற்றவைப்பதுதான் கடினம். அலை ஒவ்வொரு முறை மோதும்போதும் அழுத்தம் குவிவது அந்த மூட்டில். களைப்பு விரிசல் முதலில் தோன்றுவதும் அங்கேதான். ஆகவே இந்த வேலைக்கு வரும் வெல்டருக்குத் தேர்வும் தனி. 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைப்பது 6ஜி தேர்வு. மூட்டுக்கருகே ஒரு தடுப்பு வளையத்தையும் பொருத்திக் கையை நுழையவிடாமல் செய்வது 6ஜிஆர். மின்முனையை எவ்வளவு சூட்டில் உலர்த்துவது, தகட்டை எவ்வளவு முன்சூடேற்றுவது என்பதெல்லாம் எழுதி ஒப்புதல் பெற்ற செய்முறைப்படி நடக்க வேண்டும். பிறகு அல்ட்ராசோனிக் சோதனை, காந்தத்துகள் சோதனை, மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டரின் கையெழுத்து.

அடுத்தது கரையிலிருந்து பார்ஜ் எனப்படும் தட்டைச் சரக்குப் படகில் ஏற்றுவது. ஆயிரக்கணக்கான டன் எடையைத் தாங்கும் தளம், சறுக்குப்பாதை, பார்ஜ் ஒட்டி நிற்கும் அளவுக்கு நீராழம் ஆகியவை ஒருங்கே அமைந்த கரைகள் குறைவு. வடிவமைப்பு, பற்றவைப்பு, கரை என்ற இந்த மூன்றும் வெவ்வேறு இடங்களில் வளரக்கூடிய திறன்கள். வாதங்கள் பலவும் மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழம்புகின்றன என்று தோன்றுகிறது.

முதல் விடை: ஆர்டரை ஒதுக்கு, திறன் தானே வரும்

1970களின் இறுதியிலும் 1980களிலும் மேலோங்கிய விடை இது. பொதுத்துறையான ஓஎன்ஜிசி மற்றப் பொதுத்துறைப் பட்டறைகளுக்கே வேலையைக் கொடுத்தால் அவை கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை. மும்பையின் மசகான் டாக் தன் நாவா யார்டில் மேடைகளைக் கட்டியது. விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டும், ஹூக்ளி முகத்துவாரத்தில் ஜெல்லிங்காம் யார்டை அமைத்த பர்ன் ஸ்டாண்டர்டும் களத்தில் இறங்கின. 1965இல் தொடங்கப்பட்ட என்ஜினியர்ஸ் இந்தியா லிமிடெட் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டது. 1983இல் ஓஎன்ஜிசி தன் கடற்பொறியியல் ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கியது.

வெளியுலகிலும் அன்று இதுவே நடைமுறை. நார்வே 1972இல் தன் நாட்டுப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் முன்னுரிமையைச் சட்ட விதியாக்கியது. 1979 உரிமச் சுற்றில் வெளிநாட்டு நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பணத்தையும் நாட்டுக்குள் இழுத்தது. பிரிட்டன் 1973இல் கடல்சார் வழங்கல் அலுவலகத்தைத் திறந்தது. ஸ்காட்லாந்தின் நிக், ஆர்டெர்சியர் யார்டுகள் அக்காலத்தின் பிள்ளைகள்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனத்துக்கு இந்தியாவிலேயே எழுத்துபூர்வமான சான்று ஒன்று உண்டு. 1980களில் ஓஎன்ஜிசி பர்ன் ஸ்டாண்டர்டுக்குக் கொடுத்த மேடை ஒப்பந்தத்தை, அந்நிறுவனம் அமெரிக்காவின் மெக்டெர்மாட்டுக்குத் துணை ஒப்பந்தமாகக் கைமாற்றியது. பணத் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போய், 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. இன்று சட்டக் கல்லூரிகளில் அது நடுவர் சட்டத்துக்கான முன்னுதாரணமாகப் படிக்கப்படுகிறது. தொழில்கொள்கை படிப்பவர்களும் அதைப் படிக்கலாம்: காகிதத்தில் உள்ளூராக இருந்த ஆர்டர், பட்டறைக்கு வருமுன்னே வெளியே போய்விட்டது. பர்ன் ஸ்டாண்டர்டை மூடிவிட 2018இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

பிரிட்டனின் யார்டுகளும் வட கடலில் பெரிய மேடைகளுக்கான காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாக அடங்கின. நார்வே தப்பித்தது. அதற்கு ஒதுக்கீடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே கப்பல் கட்டும் நாடாக இருந்ததும், ஆராய்ச்சியை நிபந்தனையாக்கியதும், 1994இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்து முன்னுரிமையைக் கைவிட வேண்டி வந்தபோது அதன் நிறுவனங்கள் வெளிச்சந்தையில் நிற்கப் பழகியிருந்ததும் சேர்ந்தே காரணம். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளியலாளர்களிடையே இன்றும் உடன்பாடில்லை.

இரண்டாம் விடை: போட்டியில் விட்டால்தான் கற்கும்

1991க்குப் பிந்தைய தாராளமயக் காலம் முதல் விடையைப் பழங்கதை என்று ஒதுக்கியது. சர்வதேச ஏலம் விடு, யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்குக் கொடு. உள்ளூர்க்காரர் பிழைத்தால் அவர் உண்மையிலேயே திறனுள்ளவர். கொரியா, அபுதாபி யார்டுகள் இந்திய மேடைகளைக் கட்ட வந்தன.

இந்த வாதத்தின் சிறந்த சான்று எல் அண்ட் டி. குஜராத்தின் ஹஜீராவில் மாடுல் யார்டு, ஓமானின் சோஹாரில் ஒன்று, பிறகு சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் தமிழக அரசின் டிட்கோவுடன் சேர்ந்து உருவாக்கிய வளாகம். 2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்திடம் போனபின்னும் கப்பல்கட்டும் தளமும் மாடுல் யார்டும் எல் அண்ட் டியிடமே தொடர்ந்தன. தமிழ்நாட்டில் கடல் மேடைகளையும் கடலடிக் கட்டமைப்புகளையும் முழு அளவில் செய்து பார்ஜில் ஏற்றக்கூடிய இடம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஆனால் இந்த வெற்றியில் ஒரு வரம்பு இருக்கிறது. நாட்டில் வரும் ஆர்டர்கள் சீராக வருவதில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மேற்குக் கடலில் மேடையை நிறுவி முடிக்க வேண்டும் என்பதால் வேலைகள் ஒரே காலத்தில் குவியும்; பிறகு யார்டு காலியாகக் கிடக்கும். கிழக்கே ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் வேறு. அந்த வெற்றிடத்தை வளைகுடா ஆர்டர்களால் நிரப்பக்கூடிய, மூன்று கரைகளில் யார்டு வைத்திருக்கும் நிறுவனமே பிழைக்கிறது. சிறிய பட்டறை இரண்டாண்டு ஆர்டரில்லாமல் இருந்தால், பயிற்சி பெற்ற ஆட்கள் கலைந்துவிடுவார்கள். போட்டி வலுத்தவரை வடிகட்டிக் காட்டுகிறது. புதியவரை உண்டாக்குகிறதா என்பதற்கு இந்திய அனுபவம் தெளிவான சாட்சி சொல்லவில்லை.

மூன்றாம் விடை: சதவீதம் நிர்ணயி

2010களில் உலகெங்கும் பரவியது இது. நைஜீரியா 2010இல் உள்ளூர்ப் பங்குச் சட்டம் இயற்றியது. அதன் பலனாக எகினா மிதவை உற்பத்திக் கப்பலின் உடல் கொரியாவில் கட்டப்பட்டாலும், மேல்தள மாடுல்களில் சில லாகோஸில் செய்து பொருத்தப்பட்டன. 2018 இறுதியில் உற்பத்தி தொடங்கியது. பிரேசில் 2003 முதல் கடுமையாக உயர்த்திய உள்ளூர்ப் பங்கு, தாமதத்திலும் விலையேற்றத்திலும் சிக்கியது. 2014இல் வெடித்த பெட்ரோபிராஸ் ஊழல் விசாரணையில் யார்டுகள் பல முடங்கின. 2017இல் அரசே விதிகளைத் தளர்த்தியது.

இந்தியாவில் 2017இல் பெட்ரோலிய அமைச்சகம் உள்ளூர்ப் பங்குடன் இணைத்த கொள்முதல் முன்னுரிமைக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் மேக் இன் இந்தியா கொள்முதல் ஆணை பின்னர் திருத்தப்பட்டு, 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளூர்ப் பங்கு தருவோரை முதல் வகுப்பாகவும், 20 சதவீதம் முதல் 50 சதவீதத்துக்குள் தருவோரை இரண்டாம் வகுப்பாகவும் பிரித்தது.

சதவீதம் அளப்பது பணத்தை. கூலி, போக்குவரத்து, பெயின்ட், சாரக்கட்டு எல்லாம் உள்ளூர்ப் பங்கில் சேரும். மூட்டின் களைப்பு ஆயுளைக் கணக்கிடும் பொறியாளரும், பற்றவைப்புச் செய்முறையை எழுதி நிரூபிக்கும் வல்லுநரும் மொத்தச் செலவில் சிறுதுளி. திறன் தங்குவதோ அவர்களிடம். ஆகவே ஒரு நிறுவனம் 50 சதவீதத்தைத் தாண்டியும் எதையும் கற்காமல் இருக்கலாம். 15 சதவீதத்தில் நிறையக் கற்றுவிடவும் கூடும். இந்தக் கொள்கைகளின் ஆகப்பெரிய குறை இதுதான் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. வேறு நல்ல அளவுகோலை யாரும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் விடை: கொத்தாக வளர்த்தெடு, திருச்சியைப் போல

பெரிய ஆலை ஒன்றைச் சுற்றிச் சிறு பட்டறைகளை வளர்ப்பது என்ற யோசனைக்குத் தமிழ்நாட்டில் உயிருள்ள சோதனைக்களம் உண்டு. 1960களில் திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் எழுந்த பொதுத்துறை பெல் (பிஎச்இஎல்) கொதிகலன் ஆலை, துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகளை உண்டாக்கியது. 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. திருச்சி பெல் எண்ணெய்க் கிணறுகளுக்கான வெல்ஹெட், கிறிஸ்துமஸ் ட்ரீ வால்வு அமைப்புகளையும் செய்கிறது. கடல் மேடைக்குத் தேவையான கைத்திறனில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தச் சாலையோரப் பட்டறைகளில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு ஏன் அவை கடலுக்குப் போகவில்லை? வேலை வந்த முறையில்தான் விடை இருக்கிறது. எஃகை பெல் கொடுக்கும். வரைபடத்தையும் அதுவே கொடுக்கும். பட்டறை டன் கணக்கில் கூலிக்கு வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுக்கும். மூலப்பொருள் வாங்கவோ, விலை கேட்டு ஏலம் போடவோ, வரைபடம் போடவோ அவர்களுக்குத் தேவையே இருக்கவில்லை. நிலக்கரி மின்நிலைய ஆர்டர்கள் சரிந்தபோது ஒற்றை வாடிக்கையாளரின் நிழலில் வளர்ந்ததன் விலை தெரிந்தது. ராணுவத் தளவாட வழித்தடத்தில் திருச்சியும் ஒரு முனையமாகச் சேர்க்கப்பட்டதும், பட்டறைகள் வேறு துறைகளைத் தேடியதும் அதன் தொடர்ச்சி. காட்டுப்பள்ளியைச் சுற்றி ஒரு கொத்து வளர்க்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் துவாக்குடியில்தான் இருக்கிறது.

இந்த நிலைப்பாட்டின் நவீன வடிவம் ஒன்றும் உண்டு. அது பட்டறைக்குப் பதில் அறிவை மையமாக்குகிறது. சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை, 1993இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், குழாய் மூட்டுகளின் களைப்பு ஆயுளைச் சோதித்துவந்த தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் எல்லாம் ஒரே நகரில். டெக்னிப், சைபெம், பெட்ரோஃபேக் போன்ற நிறுவனங்களின் வடிவமைப்பு அலுவலகங்களும் சென்னையில் இயங்கிவந்தன. அவற்றின் வரைபடங்களில் பெரும்பகுதி வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனது. வரைபவர் பழைய மகாபலிபுரம் சாலையில், பற்றவைப்பவர் துபாயில்; இருவரும் ஒரே மேடையில் வேலை செய்தாலும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இந்த இணைப்பின்மையைச் சந்தை சரிசெய்துவிடும் என்று நம்புவோரும், அரசு தலையிட வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் முழுமையான சான்று இல்லை.

விழுப்புரம் எங்கே பொருந்தும்

விழுப்புரத்தில் மேடை யார்டு அமைப்பது எளிதாகத் தோன்றவில்லை. மாவட்டத்தின் கடற்கரை மரக்காணத்தை ஒட்டிய குறுகிய, திறந்த மணற்கரை. ஆழமான துறைமுகம் இல்லை. உப்பளங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் இருக்கின்றன. திண்டிவனம் சிப்காட்டில் உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கே முன்னுரிமை.

இருப்பது வேறு வகைத் திறன். முண்டியம்பாக்கம், பெரியசெவலை சர்க்கரை ஆலைகள் ஒவ்வோர் ஆண்டும் அரவை முடிந்ததும் கொதிகலனையும் குழாய்களையும் பிரித்துச் சீர்செய்யும். அந்த வேலையில் கைபழகிய ஃபிட்டர்களும் வெல்டர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஐடிஐகளும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளும் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து ஜிஎஸ்டி சாலை வழியே போனால் ஒரகடமும் காட்டுப்பள்ளியும் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். ஏணி, கைப்பிடி, நடைமேடை, குழாய்த் தாங்கி, கேபிள் தட்டு போன்ற டாப்சைடின் இரண்டாம் நிலை எஃகு வேலைகள் லாரியில் ஏறும் அளவுக்குச் சிறியவை. பெரிய யார்டுகள் இவற்றை வெளியே கொடுக்கத் தயங்குவதில்லை. இந்த மாவட்டத்துக்கு எட்டக்கூடிய முதல் படி அதுவாக இருக்கலாம். லாபம் குறைவு, போட்டி மிகுதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தைய கேள்வியைக் கேட்பவர்கள் மீனவர்கள். 2019 ஜூனில் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக மனிதச் சங்கிலி நடந்தது. துளையிடும் ஒலி, சேறு, மேடையைச் சுற்றிய தடைமண்டலம் ஆகியவை வலையின் பரப்பைக் குறைக்கும் என்பது அவர்கள் வாதம். இத்தகைய திட்டங்களைத் தடுக்க 2020இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா மாவட்டங்களுக்கானது. விழுப்புரம் அதில் இல்லை. மேடையைக் கட்டும் வேலை காட்டுப்பள்ளியில் கிடைத்து, அதன் நிழல் மரக்காணத்தில் விழுந்தால், ‘உள்ளூர்’ என்பதன் கணக்கை யாருடைய ஊரிலிருந்து தொடங்குவது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. உள்ளூர்த் திறன் பேசும் அறிக்கைகள் அநேகமாக இதைத் தொடுவதில்லை. ஒப்பந்தக்காரர் பார்வையில் எழுதப்படுவதால் இருக்கலாம்.

திறந்தே இருப்பவை

நான்கு விடைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒதுக்கீடும் போட்டியும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தெரியவில்லை. தொடர்ச்சியான ஆர்டரோடும் வடிவமைப்புப் பொறுப்போடும் இணைந்த இடங்களில் இரண்டுமே பலன் தந்திருக்கின்றன. அவை இல்லாத இடங்களில் இரண்டுமே தோற்றிருக்கின்றன. ஆனால் நார்வேயைத் தவிர நீண்டகாலச் சான்றுள்ள எடுத்துக்காட்டுகள் குறைவு என்பதால், இதையும் தற்காலிக முடிவாகவே கொள்ள வேண்டும்.

இரண்டு விஷயங்களில் விடை தெளிவில்லை. ஒன்று, கட்டப்போவது என்ன என்பதே மாறிவருகிறது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் ஆழ்கடல் வயல்கள் கடலடிக் கட்டமைப்புகளையும் மிதவைக் கப்பலையும் நம்பியிருக்கின்றன. 2024 ஜனவரியில் ஓஎன்ஜிசியின் 98/2 தொகுதியில் முதல் எண்ணெய் வந்தது அப்படியொரு மிதவை உற்பத்திக் கப்பலுக்குத்தான். ஜாக்கெட்டுக்கான ஆர்டர் குறைந்து, சிறிய, துல்லியம் மிகுந்த வேலை கூடினால் அது துவாக்குடி போன்ற பட்டறைகளுக்கு வாய்ப்பா, அல்லது இன்னும் உயர்ந்த தடையா? பழைய மேடைகளைப் பிரித்தெடுக்கும் வேலையும் மேற்குக் கடலின் தப்தி வயலில் தொடங்கி இந்தியாவுக்குப் பழக்கமாகிவருகிறது; அதற்கான கணக்கு வேறு. தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைக்கு உதவ 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கடலில் நிற்கும் கோபுரங்களுக்கும் தடித்த குழாய்களும் வெல்டர்களும் வேண்டும். ஆனால் ஒரு கோபுரமும் இன்னும் கடலில் எழவில்லை.

மற்றது, ஆளின் தகுதி. கடல் மேடைகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க வெல்டிங் விதிப்படி, ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் அவரது தகுதி காலாவதியாகும். தகுதி பெரும்பாலும் நிறுவனத்தின் செய்முறையோடு கட்டுண்டது. ஆள் ஊருக்குத் திரும்பும்போது அது கூடவே வருவதில்லை. பல ஆண்டுகள் வளைகுடா யார்டில் 6ஜிஆர் மூட்டு போட்டவர் விழுப்புரத்தில் இறங்கினால் கேட் கிரில் பற்றவைக்கும் கடையில் நிற்க நேரலாம். எல்லா யார்டுகளும் இன்ஸ்பெக்‌ஷன் நிறுவனங்களும் ஏற்கும் பொதுத் தேர்வு மையம் ஒன்றைத் திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓர் அமைப்பு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நடத்த முடியுமா, அதற்கான சோதனைத் தகட்டின் விலையை யார் ஏற்பது, அரசா, யார்டா, வெல்டரா என்பதற்கு இதுவரை வந்த கொள்கை ஆவணங்கள் தெளிவான விடை தரவில்லை. யார்டு தன் வெல்டரைத் தானே சோதித்துக்கொள்ளும் பழக்கத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்குமா என்பதும் சந்தேகம்தான்; ஆர்டர் நெருக்கடி மிகுந்த ஆண்டுகளில் மட்டும் அது வெளிச் சான்றிதழை ஏற்க முன்வரலாம்.